சூடேறும் இழை: வானொலி வால்வின் 50 ஆண்டுகள், 1904–1954

வானொலி வால்வின் வரலாற்றை எழுதியவர்கள் பெரும்பாலும் ஒரு வழக்கிலிருந்துதான் தொடங்குகிறார்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் ஜான் ஆம்ப்ரோஸ் ஃபிளெமிங் 1904 நவம்பரில் இருமுனை வால்வுக்குக் காப்புரிமை கோரினார். அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1907 ஜனவரியில், அதே போன்ற கண்ணாடிக் குமிழுக்குள் மூன்றாவதாக ஒரு வளைந்த கம்பியைச் சேர்த்துத் தனியாக ஒரு காப்புரிமை கோரினார். அந்தக் கம்பிதான் கிரிட். இருவரின் உரிமைகளும் மோதியபோது 1916இல் நியூயார்க் நீதிமன்றம் தந்த தீர்ப்பு இரு தரப்பையும் கட்டிப்போட்டது. ஃபிளெமிங்கின் உரிமையை வைத்திருந்த மார்க்கோனி கம்பெனி கிரிட்டைப் பயன்படுத்தக் கூடாது. டி ஃபாரஸ்ட்டோ ஃபிளெமிங்கின் வால்வை அடிப்படையாக வைத்து எதையும் செய்யக் கூடாது. மும்முனை வால்வை இருவருமே விற்க முடியாத நிலை.

முதல் கண்டுபிடிப்பாளர் யார் என்ற கேள்விக்கு இந்த வழக்கு உதவுகிறது. ஆனால் வானொலிப் பெட்டி ஆய்வகத்திலிருந்து வீட்டுக் கூடத்துக்கும், அங்கிருந்து காருக்கும், அடுக்களைக்கும், மின்கம்பமே நடப்படாத ஊர்களுக்கும் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று கேட்டால் இதில் பதில் இல்லை. கிரிட் வால்வுக்குப் பெருக்கும் திறனைத் தந்தது உண்மை. அந்தத் திறனை யார் வாங்க முடியும், எங்கே வைத்துக் கேட்க முடியும் என்பதை முடிவு செய்தது வேறொன்று. எலெக்ட்ரான்களைக் கக்குவதற்காகக் குமிழின் நடுவே சூடேற்றப்படும் பொருள் எது, அதைச் சூடேற்ற எவ்வளவு மின்சாரம் செலவாகிறது, அந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது என்ற மூன்று கேள்விகளுக்கு அடுத்தடுத்து வந்த தலைமுறைகள் தந்த விடைகளே வானொலி வால்வின் உண்மையான வரலாறு என்பது இக்கட்டுரையின் வாதம்.

பல்பு தொழிற்சாலையின் பிள்ளை

வால்வு மின்விளக்கிலிருந்து பிறந்தது. 1880களின் தொடக்கத்தில் எடிசனின் கார்பன் இழை விளக்குகள் எரிய எரிய உட்புறம் கறுத்துக்கொண்டே வந்தன. காரணம் தேடியபோது, குமிழுக்குள் தனியாக ஓர் உலோகத் தகட்டை வைத்தால், அந்தத் தகடு நேர்மின் பக்கம் இணைக்கப்பட்டிருக்கும்போது மட்டும் சூடான இழையிலிருந்து வெற்றிடத்தைக் கடந்து மின்சாரம் பாய்வது தெரிந்தது. 1884இல் எடிசன் இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டு, பெரிய பயன் எதையும் காணாமல் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார். எடிசன் விளக்குக் கம்பெனியின் லண்டன் கிளைக்கு ஆலோசகராக இருந்த ஃபிளெமிங் இதை மறக்கவில்லை. பின்னாளில் மார்க்கோனியின் ஆலோசகராக ஆனபோது, வானலைகளைப் பிரித்தறிய நல்ல கருவி இல்லாத குறைக்குத் தீர்வாக அவர் எடுத்தது தம் அலமாரியில் கிடந்த அதே பழைய தகட்டு விளக்குகளைத்தான்.

இதற்கிடையே 1901இல் ஓவன் ரிச்சர்ட்சன், சூடான உலோகத்திலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறும் விதிக்குக் கணித வடிவம் தந்தார். 1928ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு இதற்காகவே அவருக்குக் கிடைத்தது. அந்த விதியின் சாரம் எளிது: வெப்பநிலை கொஞ்சம் கூடினாலும் எலெக்ட்ரான் ஓட்டம் பல மடங்கு கூடும். எந்த வெப்பநிலையில் அது போதிய அளவுக்கு வரும் என்பது பொருளுக்குப் பொருள் மாறும். தூய டங்ஸ்டனை ஏறக்குறைய 2,200 டிகிரி செல்சியஸ் வரை கொண்டுபோனால்தான் வானொலிக்கு வேண்டிய அளவு எலெக்ட்ரான்கள் கிளம்பும். அந்தச் சூட்டில் இழை வெள்ளை வெளேரென்று எரியும். வால்வு அறைக்கே வெளிச்சம் போடும்.

முதலாம் உலகப் போர்தான் இந்த வகை வால்வைப் பெருவாரியாகச் செய்யக் கற்றுக்கொடுத்தது. ஸ்கெனெக்டடியில் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வகத்தில் இர்விங் லாங்மியூரும், தொலைபேசித் துறையில் ஹெரால்டு ஆர்னால்டும் 1913 வாக்கிலேயே குமிழுக்குள் எஞ்சியிருந்த காற்றை முழுதாக வெளியேற்றினால்தான் வால்வு ஒரே மாதிரி இயங்கும் என்று காட்டியிருந்தார்கள். ‘ஆடியான்’ என்று டி ஃபாரஸ்ட் பெயரிட்ட வால்வுகளில் ஒன்றைப் போல் மற்றொன்று இல்லாததற்கு அந்த எஞ்சிய வாயுதான் காரணம். பிரெஞ்சுப் படையில் குஸ்தாவ் ஃபெரியேயின் முயற்சியால் 1915இல் லியான் நகரில் உருவான ‘டிஎம்’ வால்வு இந்தப் பாடத்தை எளிய அமைப்பில் நிறைவேற்றியது: நடுவே நேரான டங்ஸ்டன் இழை, அதைச் சுற்றிச் சுருள் கிரிட், அதையும் சுற்றி ஓர் உலோக உருளை. போர் முடிவதற்குள் 1,00,000க்கும் மேற்பட்ட டிஎம் வால்வுகள் செய்யப்பட்டன. அதைத் தழுவி வந்த பிரிட்டிஷ் ‘ஆர்’ வால்வு, 1920களின் தொடக்கத்தில் வானொலி கேட்டவர்கள் பலரின் முதல் வால்வு.

ஆர் வால்வின் இழைக்கு 4 வோல்ட்டில் 0.7 ஆம்பியர் தேவை, அதாவது 2.8 வாட். நான்கு வால்வு கொண்ட பெட்டி என்றால் காதில் ஒலி விழுவதற்கு முன்பே 11 வாட் வெறும் சூட்டுக்குப் போய்விடும். சாதாரண உலர் பேட்டரி இதைத் தாங்காது. ஈய அமில அக்குமுலேட்டர் வேண்டும். அதை வாரந்தோறும் சார்ஜ் செய்யக் கடைக்குத் தூக்கிப்போக வேண்டும். பிரிட்டனில் சைக்கிள் கடைகளே இந்த வேலையைத் துணைத்தொழிலாக எடுத்துக்கொண்டன. வீட்டில் வானொலி இருந்தால் கம்பளத்தில் அமிலம் சிந்திய ஓட்டையும் இருக்கும் என்ற காலம் அது.

சூட்டைக் குறைத்த மூன்று பொருள்கள்

அமெரிக்காவில் 1920 நவம்பர் 2ஆம் தேதி பிட்ஸ்பர்க்கில் கேடிகேஏ நிலையம் ஒலிபரப்பத் தொடங்கியது. அதே ஆண்டு ஆர்சிஏ நிறுவனம் விற்பனைக்கு விட்ட யூவி-201 வால்வுக்கு 5 வோல்ட்டில் 1 ஆம்பியர், அதாவது வால்வுக்கு 5 வாட் தேவைப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அதன் இடத்துக்கு வந்த யூவி-201ஏ அதே 5 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் மட்டுமே எடுத்தது. பெட்டியின் சுற்றை மாற்ற வேண்டியதில்லை. பழைய வால்வைக் கழற்றிவிட்டுப் புதியதைச் செருகினால் பேட்டரி நான்கு மடங்கு நாள் உழைத்தது. வானொலி வரலாற்றில் கிரிட்டுக்கு இணையான திருப்புமுனை இது என்றே நான் கருதுகிறேன். ஆனால் இதற்கு வழக்கும் இல்லை, நாயகனும் இல்லை. அதனால்தான் கதைகளில் இடம் பிடிக்கவில்லை.

இந்த மாற்றத்தைச் செய்தது தோரியம். விளக்கு இழையாகப் பயன்பட்ட டங்ஸ்டன் கம்பி நாளடைவில் உட்படிகங்கள் பெருத்துத் தொய்ந்துபோவதைத் தடுக்க, அதனுடன் ஒன்றிரண்டு சதவீதம் தோரியம் ஆக்சைடைக் கலக்கும் வழக்கம் பல்புத் தொழிலில் ஏற்கெனவே இருந்தது. அத்தகைய கம்பி வெற்றிடத்தில் வழக்கத்தைவிடப் பன்மடங்கு எலெக்ட்ரான்களைக் கக்குவதை லாங்மியூர் கவனித்தார். உள்ளிருந்து மேற்பரப்புக்கு ஊறி வரும் தோரியம் ஓர் அணு தடிமனுக்குப் படலமாகப் பரவுகிறது. அந்தப் படலம் எலெக்ட்ரான் வெளியேற வேண்டிய ஆற்றலை 4.5 எலெக்ட்ரான் வோல்ட்டிலிருந்து ஏறக்குறைய 2.6க்கு இறக்கிவிடுகிறது. ஆகவே 1,700 டிகிரி அளவிலான சூடே போதும். அந்நாளில் தோரியம் கேஸ் விளக்கு மேன்டில் தொழிலுக்காக மோனசைட் மணலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. அம்மணலை உலகச் சந்தைக்கு அனுப்பிய கரைகளுள் அன்றைய திருவிதாங்கூரைச் சேர்ந்த மணவாளக்குறிச்சியும் ஒன்று.

தோரியப் படலம் மென்மையானது. குமிழுக்குள் சிறிதளவு வாயு மிஞ்சினாலும் அது அரித்துவிடும். அதனால் வால்வை மூடி முத்திரையிட்டபின் உள்ளே மெக்னீசியத்தை ஆவியாக்கி, மிஞ்சிய வாயுவை விழுங்க வைக்கும் முறை வந்தது. பழைய வால்வுகளின் கண்ணாடியில் உட்புறம் தெரியும் வெள்ளிப் பூச்சு அதுதான். பின்னாளில் மெக்னீசியத்தின் இடத்துக்குப் பேரியம் வந்தது. வால்வுக்குள் காற்று புகுந்துவிட்டால் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு பால் வெள்ளையாக மாறிவிடும். மீட்டர் இல்லாமலேயே இறந்த வால்வைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகளுக்கு இந்த ஓர் அடையாளம் போதும். தோரிய இழைக்கு இன்னொரு விந்தையான குணமும் உண்டு. படலம் தேய்ந்து ஓய்ந்துபோன வால்வின் இழையைச் சில கணங்கள் மட்டுமீறிச் சூடேற்றிவிட்டு, பின் சற்றே கூடுதலான சூட்டில் சில நிமிடங்கள் வைத்திருந்தால், உள்ளிருந்து புதுத் தோரியம் மேலே வந்து வால்வு உயிர் பெறும். 1920களின் கடைகளில் இதற்கென்றே கருவிகள் இருந்தன.

இறுதியில் வென்றது மூன்றாவது பொருள். ஜெர்மானியரான ஆர்தர் வேனெல்ட் 1904 வாக்கிலேயே, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், கால்சியம் ஆகியவற்றின் ஆக்சைடு பூசிய உலோகம் மங்கலான செஞ்சூட்டிலேயே தாராளமாக எலெக்ட்ரான்களைத் தரும் என்று கண்டிருந்தார். 700, 800 டிகிரியே போதுமானது. தொலைதூரத் தொலைபேசிப் பெருக்கிகளில் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் இதை முதலில் நம்பகமாகப் பயன்படுத்தியது. 1915இல் நியூயார்க்கிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் பேச்சு போனது இப்படிப்பட்ட இழைகளின் உதவியால்தான். வெஸ்டிங்ஹவுஸின் டபிள்யூடி-11 இதே பூச்சைக் கொண்டு 1.1 வோல்ட்டில் 0.25 ஆம்பியரில் இயங்கியது. கதவு மணிக்குப் போடும் ஒற்றை உலர் செல்லே இழைக்குப் போதும் என்ற நிலை அப்போதுதான் முதன்முதலாக வந்தது. ஐரோப்பாவில் பிலிப்ஸ் தன் வால்வுகளை ‘மினிவாட்’ என்ற வணிகப் பெயரில் விற்றது. பெருக்கும் திறனையோ ஒலியின் இனிமையையோ சொல்லாமல், குறைந்த வாட்டைச் சொல்லி ஒரு நிறுவனம் வால்வு விற்றது என்பதே அன்றைய வாடிக்கையாளரின் கவலை எது என்பதற்குச் சான்று.

சுவரிலிருந்து வந்த சூடு

இழை எவ்வளவு குறைவாகக் குடித்தாலும் பேட்டரி பேட்டரிதான். அமெரிக்க வழக்கில் இழைக்கு ஏ பேட்டரி, நேர்மின்வாய்த் தகட்டுக்கு 45 அல்லது 90 வோல்ட் பி பேட்டரி, கிரிட்டுக்கு சி பேட்டரி என மூன்று வகை தேவைப்பட்டது. நேர்மின்வாய்க்கான மின்சாரத்தை வீட்டு மின்னிணைப்பிலிருந்து எடுப்பது கடினமாக இல்லை. மாறுமின்னோட்டத்தை நேராக்கி வடிகட்டினால் போதும். இழைதான் அடங்கவில்லை.

காரணம் இதுதான். நேரடியாகச் சூடேறும் இழையில், வெப்பம் தரும் கம்பியே எலெக்ட்ரான் தரும் எதிர்மின்வாயும் ஆகும். அதில் மாறுமின்னோட்டம் பாய்ந்தால், கம்பியின் இரு முனைகளுக்கும் இடையிலான வோல்ட்டேஜ் நொடிக்கு 50 அல்லது 60 முறை தலைகீழாகி மீளும். கிரிட்டின் கண்ணுக்கு இது ஒரு சிக்னல். அது உடனே பெருக்கப்பட்டு ஒலிபெருக்கியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலாக வரும். இழை நொடிக்கு 100 அல்லது 120 முறை சற்றே சூடாகிக் குளிர்வதும் அதோடு சேரும். வானொலிக்கு வந்த செய்தி எது, சுவரிலிருந்து வந்த ஊளை எது என்று பிரிக்க முடியாது.

தீர்வு தத்துவ அளவில் எளிமையானது: சூட்டை ஒருவர் கொடுக்கட்டும், எலெக்ட்ரானை வேறொருவர் கொடுக்கட்டும். ஆக்சைடு பூசிய ஒரு சிறிய நிக்கல் குழல்தான் எதிர்மின்வாய். அதன் உள்ளே, மின்கடத்தாப் பொருளால் பிரிக்கப்பட்ட டங்ஸ்டன் சூடேற்றி. சூடேற்றிக்குள் மாறுமின்னோட்டம் என்ன ஆட்டம் ஆடினாலும் குழலின் முழு மேற்பரப்பும் ஒரே வோல்ட்டேஜில் அமைதியாக இருக்கும். வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கைச் சேர்ந்த நிக்கல்சன் இந்தக் கருத்துக்கு 1915லேயே காப்புரிமை கோரியிருந்தார். ஆனால் அதை வீட்டுப் பெட்டிக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர் டொராண்டோவின் எட்வர்டு ராஜர்ஸ். மெக்கல்லோ என்ற அமெரிக்கர் உருவாக்கிய, சூடேற்றியின் இணைப்பு தலைப்பக்கம் தனியாக நிற்கும் வால்வின் உரிமையை வாங்கி, அதை மேம்படுத்தி, 1925இல் பேட்டரி வேண்டாத பெட்டியை ராஜர்ஸ் விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1927இல் அவர் தொடங்கிய நிலையத்தின் அழைப்பெயர் சிஎஃப்ஆர்பி. அதன் கடைசி எழுத்து ‘பேட்டரி இல்லாதது’ என்பதன் முதல் எழுத்து. ஒரு வானொலி நிலையமே சூடேற்றும் முறையின் பெயரால் அறியப்பட்டது.

1927இல் ஆர்சிஏ செய்த ஏற்பாடு இந்த மாறுகாலத்தை அழகாகக் காட்டுகிறது. அது ஒரே நேரத்தில் இரண்டு வால்வுகளை வெளியிட்டது. யூஎக்ஸ்-226 பழைய பாணி: நேரடி இழைதான், ஆனால் 1.5 வோல்ட் மட்டும், 1.05 ஆம்பியர். வோல்ட்டேஜ் குறைவென்பதால் இரைச்சலும் குறைவு. தடித்த இழை என்பதால் சூடு அலைபாயாது. யூஒய்-227 புதிய பாணி: 2.5 வோல்ட், 1.75 ஆம்பியர், தனி எதிர்மின்வாய். ராடியோலா 17 பெட்டியில் பெருக்கும் கட்டங்களுக்கு 226, இரைச்சலைச் சற்றும் பொறுக்காத பகுப்பான் கட்டத்துக்கு மட்டும் 227. செலவும் சூடும் அதிகமான புதிய வால்வை, அது இல்லாமல் முடியாத ஓரிடத்தில் மட்டும் வைத்தார்கள். சில ஆண்டுகளில் 226 மறைந்து, எல்லாக் கட்டங்களிலும் மறைமுகச் சூடேற்றமே நிலைத்தது.

இங்கே ஒரு முரணைக் கவனிக்க வேண்டும். 227 எடுத்தது 4.4 வாட். பேட்டரிக் காலத்து யூவி-201ஏயின் 1.25 வாட்டோடு ஒப்பிட்டால் இது பின்னடைவு. ஆனால் மின்சாரம் சுவரிலிருந்து வந்தபிறகு வாட் கணக்கை யாரும் பார்க்கவில்லை. அந்தத் தாராளம் பொறியாளர்களுக்கும் கைகொடுத்தது. ஒரே வோல்ட்டேஜில் நிற்கும் எதிர்மின்வாய்க்கு மிக அருகில் கிரிட்டை வைக்க முடிந்தது. பெருக்கும் திறன் கூடியது. ஆல்பர்ட் ஹல் வளர்த்தெடுத்த திரைக் கிரிட் வால்வும், பிலிப்ஸில் பெர்னார்டு டெலகன் 1926இல் உருவாக்கிய ஐமுனை வால்வும், ஒன்றன்பின் ஒன்றாக வீட்டுப் பெட்டிக்குள் வந்தன. இவற்றைப் பற்றிப் பிறர் நிறைய எழுதியிருப்பதால் நான் நீட்டவில்லை.

விலையாகக் கேட்கப்பட்டது காத்திருப்பு. தொடக்ககால 227இல் சூடேற்றிக்கும் குழலுக்கும் இடையே தடித்த பீங்கான் இருந்ததால், ஸ்விட்சைப் போட்டு அரை நிமிடத்துக்கு மேல் ஆகும் ஒலி வர. பிறகு சூடேற்றிக் கம்பியின் மேலேயே அலுமினியம் ஆக்சைடைப் பூசும் முறை வந்து, அந்த நேரம் வெகுவாகச் சுருங்கியது, முழுதாகப் போகவில்லை. செய்தி நேரத்துக்குச் சற்று முன்பே ரேடியோவைப் போட்டுவைக்கும் பழக்கம் வால்வு பெட்டி இருந்த எல்லா வீடுகளிலும் உண்டு. நம் ஊர்ப் பெரியவர்கள் இன்றும் சொல்லும் அந்தப் பழக்கத்தின் வேர் இந்த நிக்கல் குழலில் இருக்கிறது.

முதல் எழுத்து எதைச் சொல்கிறது

1933இல் அமெரிக்கத் தயாரிப்பாளர்கள் வால்வுகளுக்குப் பொதுவான எண்முறை ஒன்றை ஏற்றார்கள். மறு ஆண்டு பிலிப்ஸும் டெலிஃபங்கனும் ஐரோப்பாவுக்கு ஓர் எழுத்துமுறையைக் கொண்டுவந்தன. இரண்டும் தனித்தனியே உருவானவை. குறியீடுகள் வேறு, தர்க்கம் வேறு. ஆனால் ஒன்றில் மட்டும் இரண்டும் ஒத்துப்போகின்றன: முதலில் சொல்லப்படுவது வால்வு என்ன செய்கிறது என்பதல்ல, எப்படிச் சூடேறுகிறது என்பது. அமெரிக்க 6பிஇ6இன் முதல் எண் 6.3 வோல்ட் சூடேற்றியைக் குறிக்கும். 12பிஇ6 என்றால் 12.6 வோல்ட், 1ஆர்5 என்றால் 1.4 வோல்ட் பேட்டரி இழை. ஐரோப்பிய முறையில் முதல் எழுத்து ‘இ’ என்றால் 6.3 வோல்ட், ‘டி’ என்றால் 1.4 வோல்ட் பேட்டரி, ‘கே’ என்றால் 2 வோல்ட் அக்குமுலேட்டர், ‘யூ’ என்றால் 100 மில்லி ஆம்பியர் தொடர் இணைப்பு.

6பிஇ6உம் 12பிஇ6உம் உள்ளே ஒன்றேதான். அதே கிரிட்டுகள், அதே தகடு, சூடேற்றி மட்டும் வேறு. ஐரோப்பிய இசிஹெச்81உம் யூசிஹெச்81உம் அப்படியே. எந்த மின்சாரம் இருக்கும் வீட்டுக்குப் போகும் என்பதைப் பொறுத்தே வால்வுகள் இனம் பிரிக்கப்பட்டன. தொழிலில் இருந்தவர்கள் தங்கள் பொருளை எப்படிப் பார்த்தார்கள் என்பதற்கு இதைவிட நேரான ஆவணம் தேவையில்லை.

6.3 வோல்ட் என்ற எண்ணே ஒரு வரலாற்றுத் தடயம். 1930 வாக்கில் கார் வானொலி பரவத் தொடங்கியது. அன்றைய காரின் பேட்டரியில் மூன்று ஈய அமில செல்கள், ஒவ்வொன்றும் 2.1 வோல்ட், மூன்றும் சேர்ந்தால் 6.3. அதற்கேற்ப 1931இல் வந்த 36, 37, 38 வால்வுகளின் சூடேற்றி அளவு, சில ஆண்டுகளில் வீட்டுப் பெட்டிகளின் 2.5 வோல்ட் முறையையும் தள்ளிவிட்டு உலகப் பொதுவானது. காருக்காக முடிவான எண், காரே இல்லாத கோடிக்கணக்கான வீடுகளில் ஒளிர்ந்தது.

டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பெட்டி

1930களின் பொருளாதாரச் சரிவில் மலிவுப் பெட்டிக்குத் தேவை கூடியது. பெட்டியிலேயே எடையும் விலையும் அதிகமான உறுப்பு மின்மாற்றி, அதாவது டிரான்ஸ்ஃபார்மர். அதை விலக்க ஒரே வழி, எல்லா வால்வுகளின் சூடேற்றிகளையும் தொடராக இணைத்து, அவற்றின் வோல்ட்டேஜ்களின் கூட்டுத்தொகையை வீட்டு வோல்ட்டேஜுக்கு நெருக்கமாகக் கொண்டுவருவது. நகரங்களின் சில பகுதிகளில் அப்போதும் நேர்மின்னோட்டம்தான் இருந்தது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பெட்டி அங்கேயும் ஓடும். ‘ஏசி/டிசி செட்’ என்று அழைக்கப்பட்டது இதுதான்.

முதல் தலைமுறைச் சூடேற்றிகள் 300 மில்லி ஆம்பியர் எடுத்தன. 6.3 வோல்ட் வால்வுகள் மூன்று, 25 வோல்ட் வால்வுகள் இரண்டு என்றால் மொத்தம் ஏறக்குறைய 69 வோல்ட். அமெரிக்க வீட்டின் 117 வோல்ட்டில் மீதி 48ஐ எங்காவது எரித்தாக வேண்டும். பல பெட்டிகளில் அது மின்கம்பிக்குள்ளேயே மின்தடையாகப் பின்னப்பட்டிருந்தது. அந்தக் கம்பி 14 வாட் சூட்டில் தொட முடியாதபடி காயும். வீட்டுக்காரர் கம்பி நீளமாக இருக்கிறதே என்று வெட்டிச் சுருக்கினால் வால்வுகள் கருகும். 1939இல் வந்த 150 மில்லி ஆம்பியர் வரிசை இந்தக் கணக்கை நேர்செய்தது: 12எஸ்ஏ7, 12எஸ்கே7, 12எஸ்க்யூ7, 50எல்6, 35இசட்5. மூன்று 12, ஒரு 50, ஒரு 35, கூட்டினால் 121. எரித்துத் தள்ள எதுவுமே மிஞ்சவில்லை. ‘அனைத்து அமெரிக்க ஐவர்’ என்று பின்னாளில் பெயர் பெற்ற இந்த வரிசைதான் அடுக்களை மேடைக்கு வந்த சிறு வானொலியின் அடித்தளம்.

கல்யாண வீட்டு சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் மொத்தச் சரமும் அணைவதுபோல, ஒரு சூடேற்றி அறுந்தால் ஐந்து வால்வுகளும் இருண்டுவிடும். இதைவிடக் கவலைக்குரியது, பெட்டியின் உலோகச் சட்டம் நேரடியாக மின்னிணைப்போடு சேர்ந்திருப்பது. பிளக்கை மாற்றிச் செருகிவிட்டால் சட்டம் முழுவதும் உயிர்மின்சாரம். திருகும் குமிழ் கழன்றுபோன பெட்டியின் வெறும் உலோகத் தண்டைத் திருகியவர்கள் வாங்கிய ஷாக், இந்த மலிவின் மறைமுக விலை.

230 வோல்ட் வழங்கப்பட்ட நாடுகளுக்கு ஐரோப்பிய ‘யூ’ வரிசை வந்தது. யூசிஹெச்81 (19 வோல்ட்), யூஎஃப்89 (12.6), யூபிசி81 (14), யூஎல்84 (45), யூஒய்85 (38) ஐந்தும் சேர்ந்தால் 129 வோல்ட் அளவுதான், மிச்சத்தைப் பெரிய பீங்கான் மின்தடை ஒன்று ஏற்கும். இந்தியாவில் விற்ற சிறிய மேசை வானொலிகள் பலவற்றின் பின்பலகையைத் திறந்தால் இந்தப் பெயர்களே வரிசையாக நிற்கும்.

மின்கம்பம் எட்டாத ஊர்

சென்னை மாகாண வானொலிக் கழகம் 1924 மே மாதம் தொடங்கி, அந்த ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. பணமுடையால் 1927இல் நின்றது. ஆர்சிஏயின் மின்னிணைப்பு வால்வுகள் சந்தைக்கு வந்த அதே ஆண்டு. அதாவது சென்னையின் முதல் ஒலிபரப்பு, தொடக்கம் முதல் முடிவு வரை முழுக்க முழுக்கப் பேட்டரிக் காலத்துக்குள்ளேயே அடங்கிவிட்டது. கழகத்தைத் தொடங்கிய கிருஷ்ணசாமி செட்டியும் அவரோடு உழைத்தவர்களும் எதிர்கொண்ட தடைகளைப் பேசுகிறவர்கள் பொதுவாகச் சந்தாவையும் உரிமக் கட்டணத்தையும் சொல்கிறார்கள். கேட்பவர் ஒவ்வொருவரும் இழைக்கு ஒன்று, நேர்மின்வாய்க்கு ஒன்று எனப் பேட்டரிகளைப் பராமரிக்க வேண்டியிருந்த சுமையையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1930 ஏப்ரலில் மாநகராட்சி ஒலிபரப்பை மீண்டும் எடுத்து நடத்தியபோது, மெரினாவிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தது. பெட்டியை வீட்டுக்கு அனுப்ப முடியாத கட்டத்தில் மக்களைப் பெட்டியிடம் வரவழைத்த நியாயமான தீர்வு அது. 1938 ஜூன் 16இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையமும், 1939 மே 16இல் திருச்சி நிலையமும் தொடங்கியபோது நகரத்து மின்னிணைப்பு வீடுகளுக்குச் சிக்கல் இல்லை. கிராமத்தின் கதை வேறு. விடுதலையின்போது இந்தியக் கிராமங்களில் மிகப் பெரும்பாலானவை மின்சாரம் காணாதவை. அங்கே பஞ்சாயத்து ரேடியோவோ, வசதியுள்ள ஒருவரின் சொந்தப் பெட்டியோ, எதுவாக இருந்தாலும் பேட்டரி செட்தான்.

அந்தப் பேட்டரி செட்டைச் சாத்தியமாக்கியது வால்வுக் கலையின் உச்சம் என்று நான் மதிக்கும் ஒரு வரிசை. 1930களின் இறுதியில் 1.4 வோல்ட், 50 மில்லி ஆம்பியர் இழைகள் வந்தன. ஒற்றை உலர் செல்லின் வோல்ட்டேஜுக்கே அளவெடுத்துத் தைத்தவை. 1940இல் ஆர்சிஏ 1ஆர்5, 1டி4, 1எஸ்5, 1எஸ்4 என்ற விரலளவுக் குட்டி வால்வுகளைக் கொண்டு கைப்பெட்டி அளவு வானொலியை விற்றது. போருக்குப் பின் ஐரோப்பாவில் இவையே டிகே91, டிஎஃப்91, டிஏஎஃப்91 எனப் பெயர் மாறின. 1949இல் வடக்கு ரொடீஷியாவின் தகவல் துறையைச் சேர்ந்த ஹாரி ஃபிராங்க்ளின், மின்சாரமில்லாத ஆப்பிரிக்க ஊர்களுக்காக ‘எவர் ரெடி’ நிறுவனத்தைக் கொண்டு செய்வித்த, அலுமினியச் சட்டி வடிவ 5 பவுண்டு வானொலி இந்த வகை வால்வுகளால் ஆனது.

1950களில் வந்த டிகே96, டிஎஃப்96, டிஏஎஃப்96, டிஎல்96 வரிசை இழை மின்னோட்டத்தை மீண்டும் பாதியாக்கியது. முதல் மூன்றுக்கும் தலா 25 மில்லி ஆம்பியர், கடைசிக்கு 50, ஆக 1.4 வோல்ட்டில் 125 மில்லி ஆம்பியர். நான்கு வால்வுகளும் சேர்ந்து சூட்டுக்காக எடுப்பது 0.175 வாட். 1916ஆம் ஆண்டின் ஒற்றை ஆர் வால்வு எடுத்ததில் இது பதினாறில் ஒரு பங்கு. முடியைவிட மெல்லிய அந்த இழையில் ஆக்சைடு பூசி, அதிர்வில் கிரிட்டைத் தொடாதபடி சிறு வில்லால் இழுத்துக்கட்டி, இலட்சக்கணக்கில் செய்த கைகளில் பெரும்பாலானவை தொழிற்சாலைப் பெண்களின் கைகள்.

இந்த வால்வுகளின் பலவீனம் தமிழ்நாட்டு நேயர்களின் அனுபவத்தோடு நேராகத் தொடர்புடையது. பெட்டியில் அலைமாற்றி வால்வு ஒரே நேரத்தில் இரு வேலை செய்கிறது: வரும் அலையை ஏற்பதோடு தானே ஓர் அலையை உண்டாக்கவும் வேண்டும். இழையின் செல் 1.5 வோல்ட்டிலிருந்து 1.1 அளவுக்கு இறங்கும்போது எலெக்ட்ரான் வரத்து சுருங்கி, அந்த உள் அலை முதலில் அதிக அதிர்வெண்களில்தான் நின்றுபோகும். மத்திய அலையில் திருச்சியும் சென்னையும் கேட்டுக்கொண்டிருக்க, சிற்றலையில் இலங்கை வானொலி மட்டும் மறைந்துவிடும். நிலையம் ஒலிபரப்பை நிறுத்திவிட்டதோ, ஏரியல் அறுந்துவிட்டதோ என்று தேடுவதற்கு முன் பார்க்க வேண்டியது இழை பேட்டரியைத்தான். டிகே91இல் இந்தக் குறை அதிகம். டிகே92, டிகே96 இரண்டும் சிற்றலையில் நன்றாக இயங்கவேண்டும் என்பதற்காகவே கிரிட் அமைப்பு மாற்றப்பட்டவை.

குளிர்ந்த பெட்டி

1954 அக்டோபரில் அமெரிக்காவில் ரீஜன்சி டிஆர்-1 வந்தது. நான்கு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்கள், 22.5 வோல்ட்டில் ஒரே ஒரு பேட்டரி, விலை 49.95 டாலர். ஒலித்தரத்தில் அது அன்றைய பேட்டரி வால்வு பெட்டிகளுக்கு ஈடாகவில்லை. விலையோ அவற்றைவிடக் கூடுதல். பெருக்கும் திறனே வானொலி வரலாற்றைச் செலுத்திய சக்தி என்றால் டிஆர்-1 தோற்றிருக்க வேண்டும். ஆனால் அதில் சூடேற்ற எதுவுமே இல்லை. இழை பேட்டரி என்ற ஒன்று மறைந்தது. போட்ட கணமே பேசியது. சில ஆண்டுகளில் டிரான்சிஸ்டர் பெட்டியின் வடிவம் முழுமை பெற்றபோது வால்வின் அழிவு தொடங்கியது.

அழிவு எந்த வரிசையில் நடந்தது என்பது முக்கியம். பெங்களூரில் 1954இல் நிறுவப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் வானொலி வால்வுகளைச் செய்யத் தொடங்கியது. 1962இல் ஜெர்மானியம் குறைக்கடத்திகளையும் தொடங்கியது. ஓராண்டு இடைவெளியில் பழையதும் புதியதும் ஒரே நிறுவனத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. மின்னிணைப்பு உள்ள வீட்டின் ஐந்து வால்வு பெட்டியில் இசிஹெச்81, இஎஃப்89, இபிசி81, இஎல்84, இஇசட்80 ஆகியவற்றின் சூடேற்றிகள் மட்டும் 13 வாட் எடுக்கும். நான்கு டி96 வால்வுகளின் இழைச் செலவைப் போல 75 மடங்கு. அந்த ஊதாரிகள்தான் நீண்ட நாள் வாழ்ந்தன. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தில் 13 வாட்டை யாரும் பொருட்படுத்தவில்லை. ஒலியும் நன்றாக இருந்தது. நம் கூடங்களில் அவை 1970கள் வரை பாடின. எந்த வால்வு சூட்டை 0.175 வாட்டுக்குச் சுருக்கக் கற்றதோ, 40 ஆண்டு உழைப்பின் நுட்பமெல்லாம் எதில் திரண்டிருந்ததோ, அந்தப் பேட்டரி வால்வுதான் முதலில் போனது. அதன் இடத்துக்கு வந்தது சூடே வேண்டாத பொருள். அந்தப் போட்டியில் 0.175 வாட்டும் அதிகம்.